லீவுக் கணக்கு

மாத முடிவிற் சம்பளம் எண்ணிக் கொடுக்கப்படும்போது ஐம்பது ரூபா குறைந்திருந்தாலும் அதனை அவ்விடத்திலேயே கண்டு கேளாத ஊழியர் அரியர். அவ்வூழியரையே நிறுத்தி, இவ்வாண்டில் அவருக்கு இன்னும் எத்தனை நாள் லீவு மீதியாக இருக்கிறது என்று வினவினால், அவர் சிறிது யோசிப்பார்; பின்னர், "கணக்கப்பிள்ளையைத்தான் கேட்க வேண்டும்" என்பார். கணக்கப்பிள்ளையைக் கேட்டாலோ, அவர் மேசை இழுப்பறையைத் துழாவி, நாட்காட்டி ஒன்றை எடுத்து, அதிற் பென்சிலால் வட்டமிட்டிருக்கும் திகதிகளை எண்ணத் தொடங்குவார். பணத்துக்குப் பேரேடு உண்டு. சரக்குக்கு இருப்புப் புத்தகம் உண்டு. மனிதருடைய நாட்களுக்கு மாத்திரம் பென்சிற் கோடு போதுமென்று எண்ணும் கடைகளும் கந்தோர்களும் இந்நாட்டில் இன்றும் உள்ளன. லீவுபற்றி எழும் பிணக்குகளிற் பெரும்பாலானவை நாட்களின் தொகை குறைவாயிருப்பதால் எழுவன அல்ல. அந்த நாட்கள் ஒழுங்காக எண்ணப்படாமையால் எழுவன.

சம்பளத்துடன் கூடிய லீவு என்பது, பணமாகக் கொடாது நாளாகக் கொடுக்கப்படும் வேதனமேயாகும். ஊழியர் அதனை உழைத்துச் சம்பாதிக்கின்றார். ஆயினும் பேச்சு வழக்கில், "முதலாளி லீவு தந்தார்" என்றுதான் எல்லோரும் சொல்கின்றனர். "முதலாளி சம்பளம் தந்தார்" என்றும் சொல்வதுண்டு; ஆனால் அங்கே தருதல் என்பது கடனைத் தீர்த்தலென்று இருவருக்கும் தெரியும். லீவைச் சொல்லும்போது அதே சொல் கருணை காட்டுதல் என்னும் பொருளைப் பெற்றுவிடுகிறது. கேட்பவர் தலையைச் சொறிந்துகொண்டு கேட்கிறார். கொடுப்பவர் முகத்தை இறுக்கிக்கொண்டு கொடுக்கிறார். ஒரு சொல்லின் பொருள் இவ்வாறு நழுவியதனால் விளைந்த மனத்தாங்கல்கள் பல.

கருணை உரிமையாக மாறிய வரலாறு மிகப் பழையதன்று. 1936ஆம் ஆண்டிலே ஜெனீவாவிற் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, ஒரு வருடம் தொடர்ந்து சேவை செய்த ஊழியர் எவரும் குறைந்தது ஆறு வேலை நாட்களுக்குச் சம்பளத்துடன் லீவு பெறவேண்டும் என்று ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. அந்த ஆறு நாள் இன்று மிகச் சிறிதாகத் தோன்றலாம். ஆயினும் அவ்வுடன்படிக்கையில் ஒரு வாசகம் கூர்ந்து நோக்கத்தக்கது: லீவு உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஊழியர் செய்யும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்பதே அது. வறுமையின் காரணமாக ஒருவர் தம் ஓய்வை விற்றுவிடக்கூடும் என்பதை அதனை வகுத்தோர் முன்னரே உணர்ந்திருந்தனர். அதே ஆண்டிற் பிரான்சு தேசத்தில் இரண்டு வார லீவு சட்டமாயிற்று. 1970ஆம் ஆண்டின் புதிய உடன்படிக்கை அக்குறைந்த அளவை மூன்று வாரமாக உயர்த்தியது.

இலங்கையில் 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம், அது பொருந்தும் தொழில்களில் உழைப்போருக்கு வருடாந்த லீவுக்கு வழிசெய்தது. அங்கே, சென்ற வருடத்தில் எத்தனை நாள் வேலை செய்யப்பட்டது என்பதைக் கொண்டே லீவு கணக்கிடப்படும்; தொழிலுக்குத் தொழில் அக்கணக்கு வேறுபடும். அதனை விரித்தாற் பேச்சு நீண்டுவிடும். கடைகளிலும் கந்தோர்களிலும் வேலை செய்வோர்க்கு உரியது 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம். கடை, கந்தோர் ஊழியர் சட்டம் என்று வழங்குவது. புடைவைக் கடையில் துணி கிழிப்பவரும், சாப்பாட்டுக் கடையில் இலை போடுபவரும், கந்தோரில் தட்டெழுதுபவரும் இச்சட்டத்தின் நிழலில் நிற்பவர்களே.

இச்சட்டத்தின்படி நாளொன்றுக்கு 8 மணித்தியாலமும் வாரமொன்றுக்கு 45 மணித்தியாலமும் வேலை நேரமாகும். வாரத்திற் குறைந்தது 28 மணித்தியாலம் வேலை செய்தவர்க்கு ஒன்றரை நாள் சம்பளத்துடன் கூடிய ஓய்வு உண்டு. இது வாராந்த விடுமுறை. இதனை எவரும் லீவாக எண்ணுவதில்லை. எண்ண வேண்டியவை இரண்டு: வருடாந்த லீவு, அமைய லீவு. முன்னையது பதினான்கு நாள். பின்னையது ஏழு நாள். இரண்டும் சேர்ந்தால் இருபத்தொரு நாள். அரசாங்க உத்தியோகத்தரோ அமைய லீவு இருபத்தொன்றும், ஓய்வு லீவு இருபத்துநான்குமாக நாற்பத்தைந்து நாள் பெறுகின்றனர். நம்மவர் வீடுகளில் மாப்பிள்ளை பார்க்கும்போது அரசாங்க உத்தியோகத்துக்கு இருந்துவரும் மதிப்புக்கு ஓய்வூதியம் மாத்திரம் காரணமன்று போலும்.

வருடாந்த லீவைக் கணக்கிடுவதில் எழும் முதற் குழப்பம், வருடம் என்பது எது என்பதாகும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் என்றே பலர் எண்ணுகின்றனர். சட்டம் கொள்வது ஜனவரி முதலாந் திகதி தொடங்கி டிசெம்பர் முப்பத்தோராந் திகதி முடியும் நாட்காட்டி வருடத்தை. சேர்ந்த அந்த முதல் வருடத்தில் வருடாந்த லீவு இல்லை. இரண்டாம் வருடத்திற் கிடைக்கும் தொகை, முதல் வருடத்தில் எப்போது சேர்ந்தார் என்பதைப் பொறுத்தது. ஏப்பிரல் முதலாந் திகதிக்கு முன் சேர்ந்தவர்க்குப் பதினான்கு நாள். அன்று தொடங்கி ஜூலை முதலாந் திகதிக்கு முன் சேர்ந்தவர்க்குப் பத்து நாள். அதன்பின் ஒக்டோபர் முதலாந் திகதிக்கு முன் சேர்ந்தவர்க்கு ஏழு நாள். அதற்கும் பிந்திச் சேர்ந்தவர்க்கு நான்கு நாள். மூன்றாம் வருடம் முதல் எல்லோர்க்கும் பதினான்கே. 2023ஆம் ஆண்டு மே மாதம் பதினைந்தாந் திகதி ஒருவர் வேலைக்குச் சேர்ந்தாரென்று வைத்துக்கொண்டால், 2024 ஜனவரி பிறந்தபோது அவருக்குப் பத்து நாள் உரியதாயிற்று. 2025 பிறந்தபோது பதினான்கு. மே மாதம் வரும் வரை பொறுத்திரும் என்று அவருக்கு விடையிறுத்த முதலாளி சட்டத்தை அறியாதவராவார்.

இந்தப் பதினான்கில் ஏழு நாளாவது தொடர்ச்சியாக அமையவேண்டும் என்பது சட்டத்தின் இன்னொரு கட்டளை. இதன் அருமை ஊரைவிட்டுத் தூரத்தில் உழைப்பவருக்கே தெரியும். 1956ஆம் ஆண்டில் யாழ்தேவி ஓடத் தொடங்கிய காலந்தொட்டு, கொழும்பிற் பகலில் ஏறி அன்றே யாழ்ப்பாணம் சேரலாம் என்பது ஒரு வசதியாயிற்று. 1990ஆம் ஆண்டில் அறுந்த பாதை 2014ஆம் ஆண்டில் மீண்டும் யாழ்ப்பாணத்தைத் தொட்டது. எவ்வளவு வேகமாக ஓடினாலும், ஏறத்தாழ நானூறு கிலோமீற்றரைப் போகவர இரு முறை கடக்கவேண்டும். மூன்று நாள் லீவில் ஊருக்குப் போகிறவர் ஒரு நாளைத் தம் வீட்டிற் கழிக்கின்றார். மற்றை இரண்டையும் புகையிரதத்துக்கோ பஸ்ஸுக்கோ கொடுத்துவிடுகின்றார். பதினான்கு நாளையும் ஒவ்வொன்றாகவும் இரண்டிரண்டாகவும் கிள்ளிக் கொடுக்கும் முதலாளி, தாம் பதினான்கும் கொடுத்துவிட்டதாகவே கணக்குக் காட்டலாம். ஊழியரின் வீட்டில் உள்ளவர்கள் அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளார்.

இனி அமைய லீவு. சொந்த அலுவல், சுகவீனம், அல்லது வேறு நியாயமான காரணம் ஆகியவற்றுக்காக ஆண்டுக்கு ஏழு நாள். முதல் வருடத்தில் மாத்திரம், நிறைவெய்திய ஒவ்வோர் இரண்டு மாத சேவைக்கும் ஒரு நாளாக இது கிடைக்கும். மேலே சொல்லப்பட்டவர் மே நடுவிற் சேர்ந்து டிசெம்பர் முடிய ஏழு மாதம் நிறைவு செய்திருப்பார், ஆகவே அவருக்கு மூன்று நாள். சுகவீனத்துக்கென்று தனியான லீவை இச்சட்டம் வகுக்கவில்லை. கடையிலுள்ளவர் காய்ச்சலிற் கிடந்தாலும், பிள்ளையைப் பாடசாலையிற் சேர்க்கப் போனாலும், காணி உறுதி எழுதப் போனாலும், எல்லாம் இந்த ஏழுக்குள்ளேதான். டெங்குக் காய்ச்சல் ஒருமுறை வந்தாற் போதும், ஏழும் போய்விடும். பெரிய தாபனங்கள் சில, தொழிற்சங்கங்களோடு செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தங்களினாலோ தம் வழக்கத்தினாலோ சுகவீன லீவைத் தனியாக அளிக்கின்றன. அவ்வித ஒப்பந்தம் எதுவும் இல்லாத சிறு கடைகளிலேதான் முதலாளியின் நிதானம் சோதிக்கப்படுகிறது. சட்டம் காட்டும் ஏழு என்பது தரவேண்டிய குறைந்த அளவு. அதற்குமேல் தரலாகாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

நாட்காட்டிப் பென்சிற் கோடு என்ன செய்யும் என்பதை ஒரு புடைவைக் கடையை உதாரணமாக வைத்துப் பார்க்கலாம். கடை கொழும்பில், விற்பனையாளர் வடமராட்சியைச் சேர்ந்தவர், ஐந்து வருட சேவை, வாடிக்கையாளரின் பெயர், அவர்களுடைய பிள்ளைகளின் பெயர், சென்ற கல்யாணத்துக்கு எந்த நிறச் சேலை எடுத்தார்கள் என்பது வரை அறிந்தவர். செப்டெம்பர் கடைசியில், தகப்பனார் பாயோடு கிடக்கிறார் என்று வீட்டிலிருந்து செய்தி வருகிறது.

"ஐயா, ஒரு கிழமைக்கு ஊருக்குப் போய்வர வேணும்" என்கிறார் அவர்.

முதலாளி நாட்காட்டியைப் புரட்டுகிறார். "தம்பி, நீர் இந்த வருஷம் பன்னிரண்டு நாள் எடுத்துவிட்டீர். பதினான்கிலே இரண்டுதான் மிச்சம். தீபாவளி வியாபாரமும் வருகுது. இரண்டு நாளிலே போய் வாரும்."

முதலாளி கொடியவர் அல்லர். கையிற் சிறிது பணமும் கொடுத்தே அனுப்புகிறார். அவர் நாட்காட்டியில் வட்டங்கள் பன்னிரண்டு இருப்பதும் உண்மையே. அந்த வட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். ஒன்று, ஒரு பூரணைப் போயா தினம், அன்று விடுமுறை. இன்னொன்று, கடை அலுவலாக அவரைக் கண்டிக்கு அனுப்பிய நாள்; கடையில் அவர் காணப்படாமையால் யாரோ வட்டமிட்டுவிட்டனர். மற்றொன்று, மதியம் வரை வேலை செய்து காய்ச்சலோடு அறைக்குப் போன நாள். அது அரை நாள். சித்திரைப் புதுவருடத்துக்கு ஊருக்குப் போனபோது இட்ட வட்டங்களில் இரண்டு, புதுவருடத்துக்கு முந்திய நாளும் புதுவருட நாளும். அவை சட்டப்படியான விடுமுறைகள். பன்னிரண்டிலிருந்து இவற்றை நீக்கினால் அவர் உண்மையில் எடுத்தது ஏழரை நாள். முதலாளி மறந்தது இன்னும் ஒன்று: பதினான்கோடு அமைய லீவு ஏழும் உண்டு. ஆகவே இருபத்தொன்றில் ஏழரை போக, அவர் கணக்கிற் பதின்மூன்றரை நாள் மீதியாக இருந்தது. முதலாளிக்கும் அது தெரியாது, கேட்டுவந்தவருக்கும் தெரியாது.

அவர் போனார். போய்ச் சேர்ந்த மறுநாள் தகப்பனார் காலமானார். தகனக் கிரியையும் காடாற்றும் முடிந்தன. எட்டுச் செலவுக்கு நில்லாமல், மூத்த மகன் ஆறாம் நாள் கடைக்குத் திரும்பிவிட்டார். மாத முடிவில் நான்கு நாட் சம்பளம் வெட்டப்பட்டிருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. தீபாவளி வியாபாரம் முடியும் வரை முன்போலவே சேலை விரித்துக் காட்டினார். பின்னர் அதே தெருவில் வேறு கடைக்குப் போய்விட்டார். அவரைத் தேடி வாடிக்கையாளரும் போயினர். பென்சிலால் இட்ட நாலரை வட்டங்களுக்கும் ஒரு மறதிக்கும் அந்தக் கடை கொடுத்த விலை அது. மகன் கொடுத்த விலையை எந்தப் பேரேட்டிலும் எழுத முடியாது.

லீவு இடாப்பு வைப்பது பெரிய வித்தையன்று. ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். தலைப்பில் அவர் சேர்ந்த திகதியும், அவ்வருடத்துக்குரிய வருடாந்த லீவும் அமைய லீவும் வெவ்வேறாக. கீழே, கேட்ட திகதி, எடுத்த நாட்கள், எவ்வகை, மீதி எவ்வளவு. மீதி என்னும் அந்தக் கடைசிக் கட்டந்தான் உயிர்நிலை. அதனை ஆண்டு முடிவில் எழுதலாமென்று வெறுமையாக விடுவோர் இடாப்பு வைத்தும் வையாதவரே. ஒவ்வொரு முறையும் மீதியை எழுதி ஊழியரிடம் காட்டி ஒப்பம் பெற்றுவிட்டால், பிழை நேர்ந்தாலும் மறு நாளே திருத்தப்படும். எட்டு மாதம் கழித்துத் துயர வேளையில் வெளிப்படாது. இப்போது பல கந்தோர்களிற் கணினி இந்த வேலையைச் செய்கிறது. ஆயினும் கண்டிக்குப் போனவரை வேலைக்கு வராதவரென்று கணினியிற் பதிந்தால், அதுவும் அந்தப் பிழையையே அழகாக அச்சிட்டுக் கொடுக்கும். இத்தகைய பதிவுகளை வைத்திருப்பது முதலாளியின் கடமை. தொழில் திணைக்களத்து உத்தியோகத்தர் வந்து கேட்டாற் காட்டவும் வேண்டும். வேலைக்கு எடுக்கும்போதே லீவு முதலிய நிபந்தனைகளை எழுத்திற் கொடுக்கவேண்டும் என்பதும் சட்டம். நியமனக் கடிதம் கொடாமல் "வாரும் தம்பி, பார்த்துக்கொள்ளலாம்" என்று தொடங்கும் உறவு, முடிவிலும் அவ்வாறே தெளிவில்லாமல் முடிகிறது.

கணக்கைக் காட்டிலும் கடினமானது, எவருக்கு எப்போது என்னும் தீர்மானம். எல்லோர்க்கும் லீவு வேண்டியிருக்கும் நாட்களும், கடைக்கு எல்லோரும் வேண்டியிருக்கும் நாட்களும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன. இங்கே தமிழ் ஊழியர் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. தனியார் கடைகளுக்கும் கந்தோர்களுக்கும் உரிய சட்டப்படியான விடுமுறைகள் எட்டு: தைப்பொங்கல், சுதந்திர தினம், மீலாத் விழா, சித்திரைப் புதுவருடத்துக்கு முந்திய நாள், புதுவருட நாள், மே தினம், வெசாக் பூரணைக்கு மறுநாள், நத்தார். தீபாவளி இவற்றில் இல்லை. மகா சிவராத்திரியும் இல்லை. அவை அரசாங்கக் கந்தோர்களுக்கும் வங்கிகளுக்கும் விடுமுறையே, கடைக்கு அன்று. நோன்புப் பெருநாளும் பெரிய வெள்ளியும் அவ்வாறே. ஆதலால் தீபாவளியன்று வீட்டில் இருக்க விரும்பும் கடை ஊழியர் தம் லீவிலிருந்து ஒரு நாளைச் செலவிட வேண்டியவராகின்றார். எட்டு விடுமுறைகளில் ஒன்றில் வேலைக்கு அழைக்கப்பட்டால், அதற்கு ஈடாக அவ்வருடத்துக்குள் வேறொரு நாளோ இரட்டைச் சம்பளமோ கிடைக்கவேண்டும். பூரணைப் போயாவில் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு.

போயாவைப் பற்றிப் பேசும்போது, 1966 தொடக்கம் 1971 வரை இந்நாட்டு லிகிதர்கள் பட்ட பாட்டைச் சொல்லாமல் விட முடியவில்லை. அந்த ஆண்டுகளில் ஞாயிறு வார ஓய்வு நாளாக இருக்கவில்லை. சந்திரனின் நான்கு பருவங்களுக்குரிய போயா நாட்களே ஓய்வு நாட்களாயின. அவற்றுக்கு முந்திய நாள் அரை நாள். சந்திரனோ கந்தோர்க் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. ஒரு போயாவுக்கும் அடுத்த போயாவுக்கும் இடையே சிலவேளை ஏழு நாள், சிலவேளை எட்டு நாள். ஓய்வு நாள் இந்த முறை செவ்வாயாகவும் அடுத்த முறை புதனாகவும் வரும். வெளிநாட்டு வங்கிகள் திறந்திருக்கையில் இங்கே பூட்டியிருக்கும். அங்கே பூட்டியிருக்கையில் இங்கே திறந்திருக்கும். 1971இல் ஞாயிறு திரும்பி வந்தது. பூரணைப் போயா மாத்திரம் விடுமுறையாக நிலைத்தது.

பண்டிகைக் கால நெருக்கடிக்கு இந்நாட்டின் பல கடைகள் தாமாகவே கண்டுகொண்ட வழி ஒன்றுண்டு. தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் சேர்ந்து உழைக்கும் இடத்தில், தீபாவளியன்று சிங்கள நண்பர் மேசையைப் பார்த்துக்கொள்வார். வெசாக் வாரத்தில் தமிழர் அந்தக் கடனைத் திருப்புவார். பெருநாளுக்கு இருவரும் சேர்ந்து முஸ்லிம் நண்பரை அனுப்புவர். இதனை எந்தச் சட்டமும் எழுதவில்லை. ஆனால் இவ்வழக்கம் முதலாளியின் கண்ணுக்கு எட்டாமல் மறைவில் நடப்பதிலும், ஜனவரி மாதத்திலேயே எல்லோரையும் இருத்தி, அவரவர் விரும்பும் ஏழு நாள் தொடர் லீவை ஒரு தாளில் குறித்து, மோதும் இடங்களைப் பேசித் தீர்ப்பது மேலானது. சென்ற வருடம் சித்திரைக்கு வீட்டுக்குப் போனவர் இவ்வருடம் விட்டுக்கொடுக்கலாம். புடைவைக் கடைக்காரர் தீபாவளிக்கு முந்திய மூன்று வாரமும் நீண்ட லீவு இல்லையென்று முன்கூட்டிச் சொல்வது நியாயமே. முன்கூட்டிச் சொல்லாமல், கேட்டு வந்த பின்னர் முகத்தில் அடித்தாற்போல் மறுப்பதுதான் புண்படுத்துகிறது. மறுக்க நேர்ந்தாற் காரணத்தையும், வேறு எந்தத் திகதியிற் போகலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஊழியர் பக்கத்திலும் குறையில்லாமல் இல்லை. கந்தோர்களில் ஒரே பாட்டி மும்முறை இறந்த கதைகள் எல்லோரும் அறிந்தவை. கிரிக்கெட் பந்தயம் நடக்கும் நாளில் வயிற்றுவலி காணும் இளைஞரும் உளர். ஒருவர் சொல்லாமல் நின்றுவிட்டால் அவருடைய வேலை காற்றிற் கரைவதில்லை. அடுத்த மேசையில் இருப்பவரின் தலையில் ஏறுகிறது. அமைய லீவு எதிர்பாராத அலுவலுக்கு உரியதாதலால், அதனை ஒரு வாரத்துக்கு முன் கேட்கவேண்டும் என்று வற்புறுத்துவது பொருந்தாது. எனினும் காலையில் ஒரு தொலைபேசி அழைப்புக் கொடுப்பது எவர்க்கும் இயலும். பொய்க் காரணங்கள் மிகுந்துள்ள தாபனங்களை ஆராய்ந்தால், பெரும்பாலும் அங்கே உண்மைக் காரணங்களுக்கு லீவு கிடைப்பதில்லை என்பது தெரியவரும். மைத்துனியின் கல்யாணத்துக்கு லீவு மறுக்கப்பட்டவரே பாட்டியைக் கொல்லுகின்றார்.

இதற்கு மறுதலையாக, லீவே எடாதவர் சிலர் உளர். பத்து வருடத்தில் ஒரு நாளும் நிற்கவில்லை என்று அவரைப் புகழ்ந்து சால்வை போர்த்துவதும் உண்டு. வங்கிகள் இவ்விஷயத்தில் வேறு விதமாகச் சிந்திக்கின்றன. காசாளரும் கணக்காளரும் ஆண்டில் ஒருமுறையேனும் தொடர்ந்து சில நாட்கள் விலகியிருந்தே ஆகவேண்டும் என்பது வங்கித் தொழிலிற் பல நாடுகளில் வழங்கும் ஏற்பாடு. அவர் இல்லாத நாட்களில் வேறொருவர் அவருடைய புத்தகங்களைப் பார்ப்பார். புரட்டு ஏதேனும் இருப்பின் வெளிப்படும். மேசையைவிட்டு அகலாத ஊழியர் எல்லோரும் புரட்டுக்காரர் என்பது இதன் கருத்தன்று. ஒருவர் இல்லாமல் ஒரு நாளும் நடவாது என்ற நிலையில் ஒரு தாபனம் இருப்பின், அது அவருடைய பெருமையன்று. அந்தத் தாபனத்தின் பலவீனம்.

லீவைப் பணமாக மாற்றிக்கொள்ளும் வழக்கத்தையும் இங்கே கருதவேண்டும். பிள்ளையின் படிப்புச் செலவு முன்னே நிற்கும்போது, பதினான்கு நாளையும் விற்றுப் பணமாக வாங்குவது ஊழியருக்கு இலாபமாகத் தோன்றும். ஆள் குறையாததால் முதலாளிக்கும் வசதி. இருவரும் விரும்பிச் செய்வதைத் தடுப்பானேன் என்று கேட்போர் உளர். 1936ஆம் ஆண்டின் உடன்படிக்கை அத்தகைய ஒப்பந்தத்தைச் செல்லாதென்று ஒதுக்கியமைக்குக் காரணம், இவ்விருப்பம் முழு விருப்பமன்று என்பதே. ஒருவர் விற்கத் தொடங்கினால், விற்காதவர் சோம்பேறியாகத் தோன்றுவார். சில ஆண்டுகளில் லீவு எடுப்பதே குற்றம் போலாகிவிடும். சம்பளம் போதாமையை லீவை விற்று நிரப்புவதிலும், அது போதவில்லை என்று நேரே பேசுவதே நேர்மையான வழி.

மகப்பேற்று லீவு இவற்றோடு சேர்த்து எண்ணப்படலாகாத தனிக் கணக்கு. 2018ஆம் ஆண்டின் திருத்தத்தின் பின், கடை, கந்தோர்களில் உழைக்கும் தாய்மார் எத்தனையாவது பிள்ளையாயினும் 84 வேலை நாட்களைப் பெறுகின்றனர்; அதற்கு முன்னர் மூன்றாம் பிள்ளை முதல் இந்நாட்கள் பாதியாகக் குறைக்கப்பட்டிருந்தன. வாராந்த விடுமுறையும் போயாவும் சட்டப்படியான விடுமுறைகளும் இந்த 84இற் சேரா. இடாப்பில் அதற்கென ஒரு தனிப் பக்கம் வேண்டும். அவ்வாறு செய்யாத கடைகளிலே, பிள்ளைப்பேற்றின் பின் திரும்பிய தாயிடம், "உமது லீவு எல்லாம் முடிந்துவிட்டது" என்று சொல்லி, பிள்ளைக்குத் தடுப்பூசி போடக் கேட்ட ஒரு நாளையும் மறுப்பதுண்டு. அந்த ஒரு நாள் அவருடைய அமைய லீவிலே தொடப்படாமற் கிடக்கும்.

வேலையைவிட்டு ஒருவர் நீங்கும்போது இடாப்பு கடைசி முறையாகத் திறக்கப்படுகிறது. எடுக்காத வருடாந்த லீவுக்குரிய வேதனத்தை, கடைசிச் சம்பளத்தோடு அவர் கையிற் கொடுக்கவேண்டும். மனத்தாங்கலோடு பிரிபவர்க்கும் இது உரியது. அவர் போன விதம் பிடிக்கவில்லை என்பது நாட்களைக் குறைப்பதற்குக் காரணமாகாது. தொழில் திணைக்களத்துக்கு ஒரு முறைப்பாடு போய்ச் சேர்ந்து, இரு திறத்தாரும் உத்தியோகத்தர் முன்னிலையில் அமரும்போது, அங்கே கேட்கப்படுவது முதலாளியின் ஞாபகமோ ஊழியரின் ஞாபகமோ அன்று. மீதிக் கட்டம் நிரப்பப்பட்டு, இருவர் ஒப்பமும் இடப்பட்ட அந்தப் பக்கம்.